ஆறு கெண்டைகள்

எங்கள் வீட்டுக் கொல்லையில் பட்டு நூல் அவிக்கும் கொட்டகை இருந்தது. சோப்பும் சோடாவும் போட்ட கொதிதண்ணீரில் நூலை முக்கி அப்பா பசை எடுப்பார். அண்டாவைச் சுற்றிச் செங்கல் மேடை. அடுப்பு அணைந்த பிறகும் மேடை வெதுவெதுவென்றே இருக்கும். அதைப் பார்த்துத்தான் என் புத்தி கெட்டது.

எழுபதுகளின் கடைசி. காலேஜில் விலங்கியல் மூன்றாம் வருஷம். மீனுக்கு வால் நுனியை வெட்டினால் திரும்ப முளைக்கும். சூட்டில் அது எப்படி முளைக்கிறது என்று பார்ப்பது எங்கள் ப்ராஜெக்ட். எங்கள் என்றால் நானும் என் தோழியும். அவள் ஜைனக் கோயில் இருக்கிற திருமலைப் பக்கத்து ஜைன வீட்டுப் பெண்.

“வெட்டறது நீ, வரையறது நான். ஒண்ணு செத்தாலும் எங்கிட்ட சொல்லிடணும்டி. அதுக்கு நான் உபவாசம் இருக்கணும்” என்றாள். கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

ஏரியில் பிடித்த சின்னக் கெண்டைகள். ஆறு நிழலில் ஒரு தொட்டியில், ஆறு மேடையோரத்துத் தொட்டியில். வாலை வெட்டிய முதல் வாரம் வெதுவெதுப்பில் இருந்தவற்றுக்குத்தான் வால் ஜல்தியாய் வளர்ந்தது. எனக்கு ஒரே பெருமை.

முகூர்த்த மாசம் வந்தது. “இன்னிக்கு ரெண்டு தடவை நூல் அவிக்கணும், தொட்டியை நகத்திடு” என்று அப்பா காலையிலேயே சொன்னார். ‘உம்’ கொட்டிவிட்டுச் சித்தி மகளோடு மேட்னி ஷோவுக்குப் போய்விட்டேன். ரெண்டு நிமிஷ வேலை, சனியன், அதைச் செய்யவில்லை.

திரும்பி வந்தால் ஆறும் வயிறு மேலாக மிதக்கின்றன. தண்ணீர் குளிக்கிற சூடு. ஒன்றை அறுத்துப் பார்த்தேன். செவுள் வீங்கி வெளுத்திருந்தது. ஈரல் தொட்டதும் கரைந்தது. வால் நுனியில் புதிதாய் வந்திருந்த மெல்லிய சவ்வு பிய்ந்து போயிருந்தது. எந்தச் சூட்டில் உடம்பு கெடும் என்பதற்குப் பதில் என் கையிலேயே இருந்தது. நோட்டில் எழுதினால் அவளுக்குத் தெரிந்துவிடும். குப்பைக்குழியில் புதைத்தேன். ஏரிக்கு ஓடிப் போய் அதே அளவில் ஆறு பிடித்துவந்து, செத்தவற்றுக்கு வால் இருந்த அளவுக்கு வெட்டித் தொட்டியில் விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். “இன்னாடி, உம்முன்னு கீற?” என்று கேட்டுகினே பென்சில் சீவி, ஆறு வாலையும் அச்சு மாதிரி வரைந்தாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து அளவு சொன்னேன். வெட்கங்கெட்ட ஜென்மம்.

தேர்வன்று வெளியிலிருந்து வந்த பேராசிரியர், “எத்தனை செத்துச்சு?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள், “ஒண்ணுகூட இல்ல சார்” என்றாள். விளையாட்டுக்கும் பொய் சொல்லாதவள். என் பொய்யை அவள் வாயால் சொல்ல வைத்துவிட்டேன், பாவி. நல்ல மார்க் போட்டார்.

வெளியே மரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

“நீ சாப்பிடு. வாலை வெட்டினோமே, அதுக்கு எப்படி வலிச்சுதோ. அதான் இன்னிக்கு ஒரு நாள் உபவாசம்” என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

“அதான் திரும்ப முளைச்சிடுச்சே, விடுடி” என்றேன். அவளுக்கென்று கொண்டுவந்த புளிசோற்றையும் நானே தின்றேன்.