சரோஜாவுக்குக் காய்ச்சல்

துருப்பிடித்த ஆணியை இஞ்சியோடு போட்டு வேகவைத்தால் எப்படி மணக்குமோ அப்படி மணக்கும் எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் ஊற்றித் தருகிற "தண்ணி மருந்து". அந்த வாசம் இன்றைக்கும் எங்கிருந்தாவது மூக்கில் ஏறினால் எனக்கு முதலில் வருவது வெட்கம். காரணத்தை நானே சொல்லிவிடுகிறேன். பதினோரு வயதில் நான் என் அம்மாவுக்கு, அவளுக்கே தெரியாமல், இன்னொரு மகளைச் சேர்த்து, அவளுக்குச் சரோஜா என்று பெயரும் வைத்து, அந்தப் பெயரில் ஒரு கடுவன் பூனைக்கு மருந்து வாங்கினேன். இதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று உண்டு. அந்தப் பூனையைச் சாவிலிருந்து மீட்டவள் நான்தான் என்று நாற்பது வருடமாகக் கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லித் திரிந்தேன். போன மாதம்வரை திரிந்தேன்.

மடுல்சீமைக்கும் மேலே, பஸ் வந்தால் வந்தது, வராவிட்டால் மழை என்று அர்த்தம் பண்ணிக்கொள்கிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம் இருந்தது. ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக ஒட்டிய அறைகள், குடும்பத்துக்கு ஒரு காம்பரா. பூனையை நாங்கள் வளர்த்தோம் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. தேயிலைத் தொழிற்சாலையின் விறகுக் கொட்டிலில் பிறந்து, எலிகளை நம்பி வாழ்ந்து, மனிதர்களைக் கண்டால் காதை மடக்கிக்கொண்டு சீறும் காட்டுச் சாதி அது. காலையில் பெண்கள் எல்லாரும் "பெரட்டுக்கு", அதாவது பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்துக்கு, ஓடிப்போன பிறகு, லயத்தின் நீண்ட முன்திண்ணையான "இஸ்தோப்பில்" ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து, ஒவ்வொரு காம்பராவின் வாசலிலும் நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, திருப்தியில்லாத முகத்தோடு அடுத்த வாசலுக்குப் போகும். வேலைக்கு வராமல் யார் படுத்திருக்கிறார்கள் என்று பார்க்கிற கங்காணியும் அப்படித்தான் வருவார் என்பதால் அதற்குக் கங்காணி என்றே பெயர் விழுந்தது. ஒரு முழு மழைக்காலம் கருவாட்டுத் தலையை நீட்டி நீட்டி நான் அதை என் கைக்குப் பழக்கினேன். பழகியதற்குச் சாட்சியாக முழங்கைவரை கீறல்கள் இருந்தன.

பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு நாள் கங்காணி பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு வந்தது. கீழ் லயத்துக் கடுவனோடு சண்டை. மறுநாள் தொடை வீங்கியது. அதற்கு மறுநாள் எங்கள் அடுப்படி விறகுக்குப் பின்னால் போய்ச் சுருண்டது, பிறகு கருவாட்டுக்குக்கூட எழும்பவில்லை. அம்மா கொழுந்தெடுத்துவிட்டு வந்து, நனைந்த கம்பிளியைக்கூட அவிழ்க்காமல், குனிந்து பார்த்தாள்.

"சீழ் கட்டிருச்சு. ஒடைஞ்சா பொழைக்கும், ஒடையாட்டி போயிரும். உப்புத் தண்ணி காய்ச்சி ஆற வச்சு ஊத்து. கடி வாங்கிக்கிட்டு வந்து நிக்காத."

அவ்வளவுதான் அவளுடைய வைத்தியம். அதை நான் வைத்தியமாகவே மதிக்கவில்லை. வைத்தியம் என்றால் போத்தல் வேண்டும், மாத்திரை வேண்டும், யாராவது ஒருவர் எழுத வேண்டும்.

மிருக வைத்தியர் பதுளையில் இருந்தார். பதுளைக்குப் போகிற ஒரே பஸ்ஸில் பூனையை ஏற்ற மாட்டார்கள். ஏற்றினாலும், அங்கே மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான் வைத்தியம் என்று ஊரெல்லாம் தெரியும். ஆனால், இதை எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது, அதே வைத்தியர் ஜீப்பில் எங்கள் தோட்டத்துக்கே வருவார். தோட்டத்து மேனேஜரான பெரிய துரையின் பங்களாவில் உயரமான ஒரு நாய் இருந்தது. அதற்குக் காது அரிப்பு. அந்த அரிப்பைப் பார்க்கப் பதுளையிலிருந்து ஜீப் வரும், டொக்டர் இறங்குவார், பங்களாவில் தேத்தண்ணி குடிப்பார், போவார். அதே வருடம் மேல் லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டபோது கொழுந்து லொறியில் சாக்கை விரித்துப் படுக்கவைத்துத்தான் அனுப்பினார்கள். பசறையைத் தாண்டுவதற்குள் பிள்ளை லொறியிலேயே பிறந்துவிட்டது. நாயின் காதுக்கு ஜீப், பிள்ளைக்கு லொறி. இதில் அநியாயம் ஏதும் இருப்பதாக அன்றைக்கு யாரும் பேசிக்கொண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. லொறி கிடைத்ததே பெரிய துரையின் நல்ல மனசு என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

ஜீப் வந்த அன்று நான் கங்காணியைக் கொழுந்துக் கூடையில் வைத்து, மேலே துணி கட்டி, பங்களா ரோட்டு முடக்கில் போய் நின்றேன். டொக்டர் என்னைப் பார்த்து நிறுத்துவார், கூடையைத் திறப்பார், "அடடா" என்பார் என்றெல்லாம் நினைத்திருந்தேன். ஜீப் நிற்கவில்லை. குழியில் இறங்கி ஏறிய சேறு மட்டும் என் சட்டையில் நின்றது.

அதற்கப்புறம்தான் சரோஜா பிறந்தாள்.

டிஸ்பென்சரி தோட்டத்து ஆட்களுக்கு உரியது. ஆட்களின் பிள்ளைகளுக்கும் உரியது. மருந்தைத் தருகிறவரை எல்லாரும் "டொக்டரய்யா" என்பார்கள். அவர் ஒரு சின்ன ஜன்னலுக்கு அந்தப் பக்கம், பேர் எழுதுகிற ஒரு பெரிய கொப்பிக்கு முன்னால், குனிந்தபடி இருப்பார். மருந்துக்குப் போத்தல் நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். நான் நல்லெண்ணெய்ப் போத்தலைக் கழுவி எடுத்துக்கொண்டேன். கங்காணியை அம்மாவின் பழைய கம்பிளியில், காது மூக்கு எதுவும் தெரியாதபடி, கைக்குழந்தையைச் சுற்றுவதுபோலச் சுற்றினேன். காய்ச்சலில் அதற்குச் சீறவும் தெம்பில்லை.

"பேரு?"

"சரோஜாங்க." வகுப்பில் என் பக்கத்தில் இருப்பவளின் பெயர். அவசரத்துக்கு வேறொன்றும் வாயில் வரவில்லை.

"யாரு புள்ள?"

"பத்தாம் லயம் பொன்னம்மா புள்ளைங்க."

"வயசு?"

"ரெண்டுங்க." அது பூனையின் வயது. அதுவரை நான் சொன்னதில் ஒரே உண்மை அதுதான்.

"என்னா?"

"கால் வீங்கி சீழ் வச்சிருக்குங்க. ஒடம்பு சுடுது. மூணு நாளா ஒன்னும் திங்கலீங்க."

அந்த நேரம் பார்த்துக் கங்காணி கம்பிளிக்குள்ளிருந்து நீளமாக ஒரு சத்தம் போட்டது. என் உயிர் போய்விட்டது. டொக்டரய்யாவின் பேனை நிற்கவில்லை.

"நெஞ்சுல சளியும் இருக்கு போல," என்றார். "அதுக்கும் சேத்து ஊத்துறேன். போத்தல் கொண்டாந்தியா?"

போத்தல் நிறையத் தண்ணி மருந்தும், பழைய கொப்பித் தாளில் சுற்றி மூன்று வெள்ளைக் காய்ச்சல் மாத்திரைகளும் கைக்கு வந்தன. காலையில் அரை, மாலையில் அரை. கேட்ட கேள்விகளில் "எங்கே, காட்டு" என்பது மட்டும் இல்லை.

அவரை ஏமாற்றிவிட்டேன் என்று அந்த ஒற்றையடிப் பாதை முழுக்க நான் பறந்துகொண்டு வந்தேன். ஏமாறுவதற்கும் ஒரு மனிதர் தலையை நிமிர்த்தியாக வேண்டும் என்பது எனக்கு மண்டையில் ஏறப் பல வருடம் ஆனது. அந்த ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வந்து நின்ற எங்கள் ஆட்கள் எல்லாரும் அவருக்கு ஒரு பெயர், ஒரு வயது, ஒரு போத்தல். நான் கம்பிளிக்குள் ஒரு பூசணிக்காயைச் சுற்றிக்கொண்டு போயிருந்தாலும் அதற்கும் சளி இருந்திருக்கும். ஒரு பூனை எங்கள் பிள்ளையாக நின்று மருந்து வாங்கிக்கொண்டு வந்ததில் சிரிப்பதற்கு நிறைய இருக்கிறது, நானும் பல வருடம் சிரித்தேன். இப்போது சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. அந்த ஜன்னலில் உண்மையான பிள்ளைகளையும் யாரும் பார்க்கவில்லை என்பதுதானே அதற்கு அர்த்தம்?

வீட்டுக்கு வந்து தண்ணி மருந்தைக் கரண்டியில் எடுத்துப் புகட்டப் பார்த்தேன். பாதி சுவரில், பாதி என் கண்ணில். மாத்திரையைப் பொடித்துக் கருவாட்டில் தடவலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்துவிட்டாள். சரோஜாவின் பிறப்பு வெளியே வந்தது. அடி விழும் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவள் என்னை ஒரு முறை பார்த்தாள், தாள் பொட்டலத்தை ஒரு முறை பார்த்தாள், கையை நீட்டினாள்.

"இங்க குடு. நீ குடுத்தா வெரலோட சேத்துக் கடிச்சிரும். மாத்திரைய நான் குடுக்குறேன். நீ உப்புத் தண்ணிய ஊத்து."

காலையும் மாலையும் "குடுத்தாச்சா?" என்று கேட்பேன், "ஆச்சு, ஆச்சு" என்பாள். இரண்டாம் நாள் வீக்கம் உடைந்து அடுப்படியே நாறியது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு உப்புத் தண்ணீர் ஊற்றினேன். ஐந்தாம் நாள் கங்காணி கருவாட்டுத் தலையைத் தின்றது. அடுத்த வாரம் இஸ்தோப்பில் பழையபடி வாசல் வாசலாக நின்று எட்டிப் பார்த்தது. நான் மாத்திரையின் மகிமையை லயம் முழுக்கப் பரப்பினேன். அதன் பிறகு யார் வீட்டுக் கோழி தூங்கி விழுந்தாலும் என் ஆலோசனை இலவசமாகப் போய்ச் சேரும். நல்லவேளையாக என் ஆலோசனையை அன்றும் இன்றும் யாரும் கேட்பதில்லை.

இப்போது எனக்கு ஐம்பதுக்கு மேல். பசறை ரோட்டில் ஒரு சின்ன வீடு, எண்பதை நெருங்கும் அம்மா, வேலிக்கு வெளியே இருந்து வந்து வீட்டுக்குள் குடியேறிய மூன்று காட்டுப் பூனைகள். கூடையைக் கண்டாலே மூன்றும் கூரைக்குப் போய்விடும். ஒருமுறை ஒன்றைக் கரட் வருகிற மரப்பெட்டியில் அடைத்து ஆட்டோவில் பதுளைக்குக் கொண்டுபோனேன். வைத்தியரிடம் போய்ச் சேர்ந்தபோது ஆட்டோக்காரருக்கும் எனக்கும்தான் மருந்து தேவைப்பட்டது, பூனை நடுவழியில் பாய்ந்து போய் இரண்டு நாள் கழித்து வீடு வந்தது. போன மாதம் மூன்றில் சிறியது, ஒரு சாம்பல் நிறக் குட்டிப் பெண், அதே மாதிரி கால் வீங்கி, அதே மாதிரி விறகுக்குப் பின்னால் போய்ச் சுருண்டது. மழையில் மண் சரிந்து ரோடு மூடிக் கிடந்தது. பதுளையில் கடை வைத்திருக்கிற ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை புதிதாக மிருக வைத்தியராகி வந்திருந்தாள். அவளுக்குப் போன் எடுத்தேன்.

"வரேலாதா? சரி ஆன்ட்டி, பதறாதீங்க. காலை ஒரு படம் எடுத்து அனுப்புங்க, நான் பாக்கணும்," என்றாள்.

நான் பாக்கணும். இரண்டு சொல்தான். நாற்பது வருடம் தாமதமாக வந்த சொற்கள் அவை. நானோ உடனே பெருமை பேசத் தொடங்கிவிட்டேன். பயப்படாதே பிள்ளை, எனக்கு இதில் அனுபவம் உண்டு, வீட்டில் வெள்ளைக் காய்ச்சல் மாத்திரை இருக்கிறது, அரை மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடும், சின்ன வயதில் ஒரு கடுவனையே நான் அப்படிக் குணப்படுத்தியிருக்கிறேன் என்றேன்.

"அல்லாஹ்! குடுத்துறாதீங்க ஆன்ட்டி!" போன் அதிர்ந்தது. "அது பூனைக்கு நஞ்சு! அரை மாத்திரையே போதும், மௌத்தாகிரும்!"

மாத்திரை ஏற்கெனவே என் கையில் இரண்டாக உடைந்து இருந்தது.

மூன்று நாள் கழித்து ரோடு திறந்ததும் அவளே வந்து, ஊசி போட்டு, குட்டியைக் காப்பாற்றிவிட்டுப் போனாள். அதுவரை நான் ஊற்றியது ஆறவைத்த உப்புத் தண்ணீர்தான், அவள் போனில் சொன்னபடி. குட்டி மீண்ட பிறகு எனக்கு வேறு கோபம் பிடித்துக்கொண்டது. அப்படியென்றால் கங்காணி எப்படிப் பிழைத்தது? அந்த மனிதர் நிமிர்ந்து பார்க்காமல் தந்ததை நம்பி என் பூனையைக் கொல்லப் பார்த்திருக்கிறேனே! அந்த ஜன்னலைப் போய்த் திட்டவும் வழியில்லை. டிஸ்பென்சரியைப் பூட்டிப் பல வருடம் ஆகிறது, ஜன்னலில் பலகை அடித்திருக்கிறார்கள், அந்த இடத்துக்கு வேறொன்றும் வரவில்லை. லயத்து ஆட்கள் இன்றைக்கும் காய்ச்சலோடு பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பங்களா மட்டும் சுற்றுலாக்காரர் தங்குகிற இடமாகப் பளபளப்பாக இருக்கிறது. அங்கே நாயும் இருக்கிறது.

திட்ட ஆள் கிடைக்காமல் அம்மாவிடம் போய் நின்றேன். அவள் முற்றத்தில் கதிரையில், இடுப்புக்குச் சாக்கை மடித்து வைத்துக்கொண்டு, குட்டிக்கு நெத்தலி பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்தக் கங்காணிக்கு மாத்திரை குடுத்தியே, மூணும் குடுத்தியா?"

"பூனைக்கு எதுக்குடி மாத்திரை? நான்தான் போட்டுக்கிட்டேன். அப்ப எனக்கு இடுப்பு நிமித்த முடியல."

"நீ போய்க் கேட்டு வாங்கியிருக்கலாமே?"

"அந்த ஜன்னலுக்குப் போனா பெரட்டு போயிரும், அன்னிக்குப் பேர் இல்ல, சம்பளமும் இல்ல. போய் இடுப்பு வலின்னு சொன்னா, கொழுந்தெடுக்கிறவளுக்கு இடுப்பு வலிக்காம பின்ன என்னாத்த வலிக்கும்பான். புள்ளைக்குன்னாத்தான் கேக்காம குடுப்பான்."

அவள் கடைசி நெத்தலியையும் போட்டுவிட்டு விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"மூணே மூணு வாங்கிட்டு வந்து பெரிய சாமர்த்தியம் பண்ணுன மாதிரி குதிச்ச. அடுத்த வாரமும் சரோஜாவுக்குக் காச்சல்னு போய் நின்னிருக்கக் கூடாதா? புத்தியில்லாத புள்ள."