உப்பில்லா வெள்ளிக்கிழமை

ஆடி வெள்ளியன்று எங்கள் வீட்டு உப்பு ஜாடி பின்கட்டுக்குப் போய்விடும். அம்மா அதை விடிந்ததும் எடுத்துத் துணி துவைக்கும் இடத்தில் வைத்துவிடுவார். மறுநாள் காலையில்தான் அது அடுப்படிக்குத் திரும்பும். அன்று முழுக்க ஒரே பானைச் சோறு. அதில் உப்புக்கல்கூட விழக்கூடாது. அந்தச் சோற்றை அம்மாவும் தம்பியும் சாப்பிட வேண்டும். ஆண்பிள்ளை நிலைக்க வேண்டும் என்று அம்மாவின் குடும்பத்துப் பெண்கள் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்ட விரதம் அது. பெண்பிள்ளையான எனக்கும் அப்பாவுக்கும் விலக்கு உண்டு. அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர். அன்றைக்கு எங்கள் ஊரான யோங் பெங்கின் கடைத்தெருவிலேயே சாப்பிட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவார்.

அம்மாவுக்கு இரண்டு தம்பிகள் பிறந்து, ஒரு வயதுகூட நிரம்பாமல் தோட்டத்து லய வீட்டிலேயே போய்விட்டார்கள். இருவருக்கும் ஒரே மாதிரிதான். வாந்தி, பால் குடிக்காமை, அப்புறம் துவண்டு போவது. அம்மாவின் தாயார் ஒரு வருடம் விரதத்தை விட்டுவிட்டார், அதனால்தான் என்று உறவில் சொல்லிக்கொண்டார்கள். அந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தவர் அம்மா. அவர்களைத் தம்பிகள் என்றுகூடச் சொல்ல மாட்டார். "போனவங்க" என்பார்.

என் தம்பி எனக்கு ரொம்பப் பிறகு பிறந்தவன். ஐந்து வயதுக்குமேல் அவன் கறுக்கத் தொடங்கினான். வெயிலில் ஆடுகிறான் என்றார்கள். வெயில் எப்படி ஈறுக்குள் போகும் என்று யாரும் கேட்கவில்லை. விரல் முட்டிகளும் கறுத்திருந்தன. கூடவே உப்புப் பைத்தியம். உப்பில் ஊறவைத்த மாங்காய் ஜெருக் போத்தலில் மாங்காயை விட்டுவிட்டுத் தண்ணீரைக் குடிப்பான். கிச்சாப் என்கிற சோயா சாற்றைக் கையில் ஊற்றி நக்குவான். நாக்கு நீளம் என்று எல்லோரும் அவனைக் கேலி செய்தோம்.

ஓர் ஆடி வியாழனன்று அவனுக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் உப்பில்லாச் சோறு. பின்கட்டுக்குப் போகவிடாமல் அம்மா அவனைப் பிடித்துவைத்திருந்தார். மத்தியானம் வாந்தி எடுத்தான். சாயங்காலம் கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. மருத்துவமனையில் நரம்பு வழியாக உப்பு நீரும் மருந்தும் ஏற்றித்தான் அவனை மீட்டார்கள். அம்மா என்ன சொன்னார் தெரியுமா? "விரதம் இருந்த நாளா போச்சு, அதான் பொழைச்சான்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சோதனைகள் ஜொகூர் பாருவில் நடந்தன. நான் அங்கே அறை எடுத்துத் தங்கி, தினமும் பாலம் கடந்து சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்குப் போய்வருகிறவள். அவர்கள் பஸ்ஸில் வந்து இறங்கும் நாட்களில் விடுப்பு எடுத்துக்கொள்வேன். டாக்டர் தமிழ்ப் பெண், என் வயதுதான் இருக்கும். தாளில் இரண்டு சிறுநீரகங்களை வரைந்து, ஒவ்வொன்றின் தலையிலும் தொப்பி மாதிரி ஒரு சுரப்பியைப் போட்டார்.

"இது கொழுப்புலருந்து ஹார்மோன் செய்யுதும்மா. ஒன்னு காய்ச்சல், பசி வந்தா உடம்பத் தாங்கும். இன்னொன்னு உப்ப ஒன்னுக்குல போகவிடாம பிடிச்சு வைக்கும். இவனுக்கு இந்தச் சுரப்பி சரியா வளரல. மூளை 'வேலை செய், வேலை செய்'னு சிக்னல் அனுப்பிட்டே இருக்கு. அந்த சிக்னல்தான் தோலையும் கறுப்பாக்குது."

"ஏன் வளரல?" என்று நான் கேட்டேன்.

"வயித்துல இருக்கறப்பவே இதக் கட்டறதுக்கு சில ஜீன் இருக்கு. தோட்டத்துல ஆளுங்கள வேலை வாங்கற மண்டோர் மாதிரி. முதல்ல கட்ட வைக்கும், அப்புறம் ஹார்மோன் செய்யற வேலையையும் மேய்க்கும். அதுல ஒன்னு இவனுக்குப் பழுது. இது தாய் வழியா வரும். பொம்பளைங்களுக்குப் பொதுவா ஒன்னும் செய்யாது. ஆம்பள பிள்ளைக்கு வந்தாதான் காட்டும்."

அம்மா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் ரத்தம் எடுத்தார்கள்.

மாத்திரை ஆரம்பித்ததும் தம்பி தேறினான். ஈறு மெல்லச் சிவந்தது. வாழ்நாள் முழுக்க மாத்திரை, காய்ச்சல் என்றால் கூடுதல் மாத்திரை, வாந்தி என்றால் உடனே ஊசி. உப்பை மட்டும் ஒருநாளும் நிறுத்தாதீர்கள் என்றார் டாக்டர். எல்லாவற்றுக்கும் அம்மா தலையாட்டினார். அடுத்த ஆடி நெருங்கியபோது தலையாட்டல் நின்றுபோனது.

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. விரதத்தை விட்டால் பிள்ளை போய்விடுவான் என்று பிறந்ததிலிருந்து கேட்டவர். விரதம் இருந்தால் போய்விடுவான் என்கிறது மருத்துவமனை. நான் போனில் சண்டை போட்டேன். "நீங்க மட்டும் இருங்க, அவன விட்டுடுங்க." அவர் சொன்னார்: "ஒரே பானைலா. பாதி விரதம்னு ஒன்னு கிடையாது."

ஆடி முதல் வெள்ளிக்கு முந்தைய வாரம் டாக்டரைப் பார்க்கும் நாள் வந்தது. எல்லாம் முடிந்து நானும் தம்பியும் எழுந்தபோது அம்மா நாற்காலியை விடாமல் உட்கார்ந்திருந்தார்.

"எங்கம்மாவுக்கு ரெண்டு பையன் போயிட்டாங்க. வாந்தி எடுத்துத்தான். உப்பு குடுத்திருந்தா பொழைச்சிருப்பாங்களா டாக்டர்?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இதே நோயா இருந்திருக்கலாம்மா. உறுதியா சொல்ல முடியாது. இதுதான்னா உப்பு மட்டும் பத்தாது, இந்த மருந்தும் வேணும்."

"எங்கம்மா விரதத்த விட்டதால இல்லையா?"

"இல்லம்மா. இதுன்னா, அந்தப் பிள்ளைங்க பொறக்கறதுக்கு முன்னாடியே முடிவானது. யாரும் ஒன்னும் விடல."

பஸ் நிலையத்தில் அம்மாவையும் தம்பியையும் ஏற்றிவிட்டேன். என்ன முடிவு செய்திருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது. அந்த வெள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு யோங் பெங்கிற்குப் போனேன். சண்டை போடத் தயாராகத்தான் போனேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஜாடி இல்லை. அது அடுப்பின் பக்கத்திலேயே திறந்திருந்தது. அம்மா பானையில் உப்பைப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

சாமி விளக்கின் முன்னால் இரண்டு சின்ன இலைத் துண்டுகள் கிடந்தன. சோறு இல்லை, பழம் இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை உப்பு மட்டும். தம்பி குளித்துவிட்டு வந்து அவற்றைப் பார்த்தான்.

"இது யாருக்கும்மா?"

"உங்க மாமாங்களுக்கு," என்றார் அம்மா.

தனக்கு மாமாக்கள் இருந்தார்கள் என்பதையே அவன் அன்றுதான் கேள்விப்பட்டான். இலைகளின் முன் குந்தி உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு எழுந்துபோய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"இது பத்தாதும்மா," என்று சொல்லி, இரண்டு இலைகளிலும் கை நிறைய அள்ளி வைத்தான். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.