இரண்டு வலது முட்டிகள்

பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளைகளை ஓடச் சொல்லிவிட்டு நிழலில் நிற்கிற டீச்சர் இல்லை. நானும் கூடவே ஓடுவேன். கட்டாந்தரையில் கோ-கோ ஆடியும் ஆட வைத்தும் தேய்ந்த முட்டிகள், ஓய்வு பெற்ற கொஞ்ச காலத்திலேயே முரண்டு பிடிக்கத் தொடங்கின. திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் கூப்பிடு தூரம். அந்தத் தூரத்துக்கே ஆட்டோ தேட வேண்டியதாகிவிட்டது. வலது முட்டியை மாற்றிவிடுவதுதான் வழி, இடது இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்றார் டாக்டர்.

மதுரையில் ஆஸ்பத்திரி அறையில் இரண்டு கட்டில்கள். பக்கத்துக் கட்டிலில் என்னைவிடச் சில வயது மூத்த ஒரு பெண்மணி, மருமகளோடு வந்திருந்தார். டவுனுக்குள் பள்ளிவாசல் பக்கத்துச் சந்தில் வீடு. கணவர் இல்லை, மகன் துணிக்கடை வைத்திருக்கிறார். அவருக்கும் வலது முட்டி. அவருக்கும் மறுநாள் காலையில்தான் ஆபரேஷன்.

அன்று சாயங்காலம் எனக்குப் பயமாக இருந்தது. அதை வெளியே காட்டாமல் இருக்க, வந்த நர்ஸிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். எந்த மாத்திரை எதற்கு, மயக்க ஊசியை எங்கே போடுவார்கள், எப்போது தெளியும். நர்ஸ் ஒருவழியாகத் தப்பித்துப் போனதும் பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“நீங்க டீச்சரா?”

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“அந்தப் புள்ளய இம்புட்டு நேரம் நிக்க வச்சுக் கேள்வி கேட்டீங்களே!”

சிரித்துவிட்டேன். அவர் கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து, சுவரில் கை வைத்து நொண்டிக்கொண்டே என்னிடம் வந்தார். என் தலையில் உள்ளங்கையை வைத்து வாய்க்குள் ஏதோ ஓதினார். பிறகு என் நெற்றியில் மெல்ல ஊதினார்.

“துவா ஓதுனேன், டீச்சர். உங்களுக்கும் எனக்கும் சேத்துத்தான். உங்களுக்கு வேணாம்னா சொல்லிருங்க.”

“வேணும்க்கா,” என்றேன். அப்போதிருந்து அவர் எனக்கு அக்கா.

ஆபரேஷன் தியேட்டரில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகத்தான் ஊசி போட்டார்கள். கண்ணுக்கு முன்னால் பச்சைத் துணி. அதற்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது. தச்சுப் பட்டறைக்குள் படுத்திருப்பது போல இருந்தது. என் காலில்தான் தட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. நெற்றியில் பட்ட அந்த மூச்சை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன்.

மறுநாள் வாக்கரைக் கொடுத்து எழுந்து நிற்கச் சொன்னார்கள். எத்தனையோ பிள்ளைகளை ஓட்டப்பந்தயக் கோட்டில் நிறுத்தியவள் நான். ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் வியர்த்துக் கொட்டி, அழுதுவிட்டேன். அக்கா அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். “வந்துரும் டீச்சர், நாளைக்கு வந்துரும்,” என்று எனக்குத் தைரியம் சொன்னார். எங்கள் இருவரில் அவர்தான் திடமானவர் என்று நானும் நம்பினேன், என் வீட்டுக்காரரும் நம்பினார்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் வந்து, என்னென்ன செய்யக் கூடாது என்று இருவருக்கும் சேர்த்தே சொன்னார். தரையில் உட்காரக் கூடாது. குத்த வைக்கக் கூடாது. மண்டி போடக் கூடாது.

அக்கா கேட்டார். “தொழுகைக்கு, டாக்டர்?”

“நாற்காலியில உக்காந்து தொழுங்கம்மா.”

“எம்புட்டு நாளைக்கு?”

“இனிமே அப்படித்தாம்மா.”

அக்கா தலை முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார். சக்கர நாற்காலியில் கிளம்பும்போது, “போயிட்டு வாரேன் டீச்சர், போன் போடுங்க,” என்றார். அவ்வளவுதான்.

வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள என் வீட்டுக்காரர் மட்டும்தான். மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். இவர் மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். பேச்சு குறைவு. எதையும் பழுது பார்க்கிற பொருளாகப் பார்த்துத்தான் பழக்கம். நான் வருவதற்கு முன்பே கட்டிலின் நாலு கால்களுக்கும் மரக்கட்டை கொடுத்து உயர்த்தியிருந்தார். பாத்ரூம் சுவரில் பிடித்துக்கொள்ளக் குழாய் அடித்திருந்தார். கால் வீங்காமல் இருக்க ஒரு நீளச் சாக்ஸ் கொடுத்திருந்தார்கள். தோலோடு ஒட்டுகிற மாதிரி இறுக்கமானது. அதை என்னால் குனிந்து போட முடியாது. முதல் நாள் அவர் தரையில் உட்கார்ந்து என் பாதத்தை எடுத்து மடியில் வைத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“காலத் தொடாதீங்க!”

“ஏன்?”

“என்னமோ மாதிரி இருக்குங்க.”

“கையத் தொடலாம், காலத் தொடக் கூடாதா?” என்று கேட்டுவிட்டு, அவர் பாட்டுக்குச் சாக்ஸின் விளிம்பைச் சுருட்டி விரல்களில் மாட்ட ஆரம்பித்தார். ஒயரில் உறையேற்றுகிற நிதானம். அன்றைக்கு நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். போகப் போகப் பழகிவிட்டது. பிறகு நானே காலை நீட்டிக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தேன்.

மடக்குவதுதான் பெரும்பாடு. நடப்பது கூட வந்துவிட்டது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, நல்ல காலால் ஆபரேஷன் காலைப் பின்னுக்குத் தள்ளி மடக்க வேண்டும். உள்ளே சதை பிய்கிற மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்து சொல்லிக் கொடுத்த பிசியோதெரபி பெண், “இப்ப மடக்கலேன்னா அப்புறம் மடங்காதும்மா,” என்று சொல்லியிருந்தாள். அதனால் கத்திக்கொண்டே மடக்கினேன். மைதானத்துக்கு அந்தப்பக்கம் வரைக்கும் கேட்க வேண்டுமென்று பழக்கிய தொண்டை. முதல் நாள் பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள். அதன் பிறகு என் சத்தம் கேட்டால், டீச்சர் முட்டியை மடக்குகிறார் என்று அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

அக்காவும் நானும் தினமும் போனில் பேசிக்கொண்டோம். சில நாள் கழித்து அவர் பேச்சு குறைந்தது. “இருக்கேன் டீச்சர்,” என்பதோடு நிறுத்திக்கொண்டார். பிறகு மருமகள்தான் எடுத்தாள், மாமி தூங்குறாங்க என்றாள். ஒரு நாள் அந்தப் பெண்ணே என்னைக் கூப்பிட்டாள்.

“டீச்சரம்மா, மாமி காலயே மடக்க மாட்டேங்குறாங்க. பிசியோதெரபிக்கு ஆள் வந்தா, சரியாயிருச்சுன்னு சொல்லி டீ குடுத்து அனுப்பிர்றாங்க. கால் கட்டை மாதிரி நீட்டிக்கிட்டே இருக்கு. இப்படியே போனா மறுபடி மயக்க மருந்து குடுத்து மடக்கணும்னு டாக்டர் சொல்றார். அவங்க மகன் அழுறார். நாங்க சொன்னா கேக்க மாட்டேங்குறாங்க. நீங்க போன்ல ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”

போனில் சொல்கிற விஷயமாக அது எனக்குப் படவில்லை. நேரில் போக வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“நீயே வாசப்படி இறங்கத்தான் இப்பப் பழகுற,” என்றார். “அவங்க வீடு கீழயா மாடியிலயா, கேட்டுக்கிட்டியா?”

“கேட்டுக்கிட்டேன். துணிக்கடைக்கு மேல, மாடியில.”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் போனார்.

ஆபரேஷனுக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு அல்லாமல் வேறு எங்கும் நான் போனது அதுதான் முதல் தடவை. ஆட்டோவில் பின்சீட்டு முழுக்கக் காலை நீட்டிக்கொண்டேன். அவர் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டார். சந்து முனைக்கு மேல் ஆட்டோ போகவில்லை. வாக்கரை ஊன்றி ஊன்றிப் போனேன். சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி வழி விட்டார்கள். ஒரு கடைக்காரர் வெளியே வைத்திருந்த பிளாஸ்டிக் குடங்களை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மாடிப்படி குறுகலும் செங்குத்துமாக இருந்தது. பிடித்து ஏற மேலேயிருந்து ஒரு தடித்த கயிறு தொங்கியது. நல்ல கால் முதலில் ஏற வேண்டும், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில் இறங்க வேண்டும். அதை எங்கள் வீட்டு ஒற்றை வாசற்படியில்தான் பழகியிருந்தேன். கயிற்றைப் பிடித்தேன். எனக்குப் பின்னால் இவர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தார்.

“நான் விழுந்தா ரெண்டு பேரும்தான் விழுவோம்,” என்றேன்.

“பேசாம ஏறு,” என்றார்.

நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது பிளவுஸ் முதுகோடு நனைந்திருந்தது. அக்கா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“இந்தப் படியிலயா ஏறி வந்தீங்க?”

“வேற வழி இருந்தாச் சொல்லுங்க, இறங்கும்போது அதுல போறேன்.”

மருமகள் எனக்கு உயரமான நாற்காலி போட்டாள். என் வீட்டுக்காரர் கீழே கடையில் இருக்கிறேன் என்று போய்விட்டார். மருமகளும் டீ போடப் போனாள். நான் கேட்காமலே அக்கா பேசினார்.

“எனக்கு நடக்கணும்னு பெருசா ஆச இல்ல டீச்சர். நான் எங்க போகப்போறேன்? நெத்தியத் தரையில வச்சுத் தொழுகணும். முட்டி வலியில அது முடியாமப் போச்சு. இத மாத்துனா மறுபடி முடியும்னுதான் சம்மதிச்சேன். இப்ப இனிமே முடியவே முடியாதுங்குறாங்க. அப்புறம் எதுக்கு இந்தக் காலு?”

அவர் தொழுகையைப் பற்றிப் பேச நான் யார்? “எனக்குச் சொல்லத் தெரியலக்கா,” என்று மட்டும் சொன்னேன். அவர் கண் கலங்கியது. என்னுடையதும்தான். அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அவர், “உங்க காலக் காட்டுங்க, பாப்போம்,” என்றார்.

சேலையை முட்டிக்கு மேலே தூக்கிக் காட்டினேன். தையல் பிரித்த தழும்பு சிவந்து, நீளமாக இருந்தது. அவர் எட்டி விரலால் அதை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தார்.

“மடங்குதா?”

மடக்கிக் காட்டினேன். வீட்டில் கத்துகிற மாதிரியே கத்தினேன். அவர் பதறிப்போய்க் கையை எடுத்தார்.

“அய்யோ! உங்களுக்கும் வலிக்குதா?”

“வலிக்காமயா? உசுரு போகுது.”

“நான் எனக்கு மட்டுந்தான் இப்படின்னு நெனச்சேன். உங்களுக்கு ஓடி ஆடுன ஒடம்பு, தானா மடங்கிருச்சுன்னு நெனச்சேன்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எனக்குக் கத்த வரல டீச்சர். இந்த வீட்டுக்கு வாழ வந்த நாள்லருந்து நான் குரல ஒசத்தினதில்ல. கீழ கடையில ஆம்பளைங்க இருக்காங்க. பல்லக் கடிச்சுக்கிட்டுப் பண்ணிப் பாத்தேன். முடியல. விட்டுட்டேன்.”

அப்போதுதான் எனக்குப் பேச ஏதோ கிடைத்தது.

“அக்கா, கத்தாம மடக்க என்னாலயும் முடியாது. நான் கத்துறேன். என் சத்தத்துக்குள்ள நீங்க கத்துங்க. யாருக்குக் கேக்கப்போகுது?”

அவரைக் கட்டில் விளிம்புக்கு நகர்த்தி உட்கார வைத்தேன். எதிரே நாற்காலியில் நான். மைதானத்துக் குரலில் “ஒன்” என்றேன். இரண்டு பேரும் காலைப் பின்னுக்குத் தள்ளினோம். நான் கத்தினேன். அவரிடமிருந்து முனகல்தான் வந்தது. “டூ” என்றபோது முனகல் கொஞ்சம் பெரிதானது. அடுத்ததில் அவர் வாயைத் திறந்து, “யா அல்லாஹ்!” என்று கத்தியதில் என் சத்தம் அமுங்கிப்போனது. கீழே இருந்து மகனும் என் வீட்டுக்காரரும் தடதடவென்று படியேறி வந்தார்கள். மருமகள் டீ வடிகட்டியோடு ஓடி வந்தாள். மூன்று பேரும் வாசலில் நின்று பார்த்தபோது, நாங்கள் இருவரும் கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தோம். அவர் முட்டி கொஞ்சம்தான் மடங்கியிருந்தது. ஆனால் மடங்கியிருந்தது.

அதன் பிறகு தினமும் காலையில் போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்துக்கொண்டு சேர்ந்தே மடக்கினோம். அந்தச் சந்தில் எல்லோருக்கும் என் குரல் பழகிவிட்டதாக மருமகள் சொன்னாள். அக்கா அடுத்த தடவை காட்டப் போனபோது டாக்டர் காலை மடக்கிப் பார்த்து, மயக்க மருந்துக்கெல்லாம் அவசியமில்லை என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அக்காவின் மகன் எனக்குப் போன் செய்தார். பேச வந்ததைப் பேச முடியாமல், “அம்மா... அம்மா...” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

தொழுகை நாற்காலியைப் பற்றி நான் அக்காவிடம் கேட்டதேயில்லை. சில வாரம் போனதும் ஒரு நாள், முட்டியை மடக்கி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது அவரே சொன்னார்.

“நாற்காலியிலதான் தொழுகுறேன் டீச்சர். மொத நாள் அழுதுட்டேன். யாரோ வீட்டுக்கு விருந்தாளியா வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சு. ஆனா ஒண்ணு. இத்தன வருஷமா, குனியும்போது முட்டி, நிமிரும்போது முட்டின்னு மனசு பூரா முட்டியிலயேதான் இருந்துச்சு. இப்பத்தான் தொழுகும்போது தொழுகையில மனசு நிக்குது.”

போனை வைக்கும்போது, “இருந்தாலும் தரை தரைதான்,” என்றார்.

வெயில் தணிந்த காலத்தில் இருவரும் தெப்பக்குளத்தில் சந்தித்தோம். சாயங்காலம் அங்கே நடக்க வருகிற கூட்டம் அதிகம். நான் வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்திருந்தேன். அக்காவிடம் அதுவும் இல்லை. என் வீட்டுக்காரரும் மருமகளும் குளத்துச் சுவர் ஓரம் அவிச்ச கடலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நாங்கள் மெல்ல ஒரு சுற்று நடந்து வந்தோம். பேத்தியின் பரீட்சை, மகனின் சர்க்கரை, என் மகள் வரப்போவது என்று பேச்சு ஓடியது. சுற்று முடிந்ததும் எனக்கு இடது முட்டி விண் விண்ணென்று தெறித்தது. உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா நின்றுகொண்டே இருந்தார்.

“இன்னொரு சுத்துப் போவமா?”

“என்னால முடியாதுக்கா.”

“அப்ப நீங்க இருங்க, டீச்சர். நான் மட்டும் போயிட்டு வாரேன்.”

மருமகள் துணைக்கு எழுந்தாள். வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டு அவர் கிளம்பினார். அவசரமே இல்லாத நடை. எதிரே வருகிறவர்களுக்கு ஒதுங்காமல், நேராக, வழியின் நடுவில் போனார். குளத்து மூலையில் திரும்பி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர் கடலையை உரித்து என் கையில் வைத்தார்.