பேய்க்கதைக்கு ஒரு ரிஜிஸ்டர்

பேய்க்கதை படிக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. மந்திரவாதி, டிராகன், மாயக் கோட்டை என்று படிக்கிறவர்களையும் அதே கணக்கில்தான் வைத்திருந்தேன். வேற்றுக்கிரகத்தைப் பற்றிப் படிப்பவர்களை மட்டும், அறிவியல் என்று பேராவது இருக்கிறதே என்று கொஞ்சம் மன்னித்திருந்தேன். நான் படித்ததெல்லாம் நிலம், கூலி, பட்டினி, குடும்பம் என்று உருப்படியான நாவல்கள். அவற்றையும் நாலு பேருக்குத் தெரியட்டும் என்று ஷிப்ட் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அட்டை வெளியே தெரியப் படிப்பேன். அந்தத் திமிரில்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

என் மகள் பிளஸ் டூ படித்த வருஷம். அரையாண்டுப் பரீட்சையில் கெமிஸ்ட்ரியில் பாதிக்கும் கீழே வாங்கி வந்தாள். அலமாரியைத் திறந்தால் பாடப் புத்தகங்களுக்கு மேல் தட்டு பூராவும் பேய், பூதம், மாயம், விண்கலம். அவள் டியூஷன் போயிருந்த நேரம் பார்த்து, எங்கள் டவுன்ஷிப் பிளாக் முனையில் போன பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டு அத்தனையையும் தூக்கிப் போட்டேன். எண்ணிப் போட்டேன், முப்பத்தொன்று. திரும்பி வந்தவள் காலித் தட்டைப் பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை. கை கால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு கத்து கத்திவிட்டு மறந்திருப்பேன்.

அதிலிருந்து அவள் என்னிடம் பேசுவதில்லை என்று சொல்ல முடியாது. பேசினாள். "சரிப்பா" என்று பேசினாள். கோயம்புத்தூரில் காலேஜ், ஹாஸ்டல் என்று போன பிறகு, அவள் அம்மாவோடு முக்கால் மணி நேரம் போனில் பேசுவாள். இந்தப் பக்கம் என் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள். அப்புறம் போன் என் கைக்கு வரும். சாப்டியா என்பேன். சாப்டேன்பா. படிக்கிறியா. படிக்கிறேன்பா. சரி. சரிப்பா. அவ்வளவுதான், முடிந்தது. போனை வைத்துவிட்டு, குழம்பில் உப்பில்லை என்று மனைவியிடம் எரிந்து விழுவேன்.

காலேஜில் இரண்டாம் வருஷம். ஜூலை மாதப் புத்தகக் கண்காட்சி சமயத்தில் ஊருக்கு வந்திருந்தாள். மூன்று பேரும் போனோம். சமாதானம் பேசுகிற எண்ணத்தில் ஒரு கடை முன்னால் நின்று, பேய்ப் புத்தகம் ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். தர்மம் போடுகிற குரலில் கேட்டிருப்பேன் போலிருக்கிறது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுல என்ன இருக்குன்னே உங்களுக்குத் தெரியாதுப்பா. படிச்சிட்டுத் தூக்கிப் போட்டிருந்தாக்கூட எனக்கு இவ்ளோ வலிச்சிருக்காது."

சுருக்கென்றது. சுருக்கென்றால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். அந்த முப்பத்தொரு புத்தகத்தையும் திரும்ப வாங்கி, ஒரே வருஷத்தில் ஒரு எழுத்து விடாமல் படித்துக் காட்டுகிறேன் பார் என்று, பஜ்ஜிக் கடை வரைக்கும் கேட்கிற மாதிரி சபதம் போட்டேன். சரிப்பா என்றாள்.

சபதம் போட்ட பிறகுதான் ஒரு புத்தகத்தின் பெயர்கூட எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. மகளிடம் கேட்க ரோஷம் விடவில்லை. மனைவிதான் காப்பாற்றினாள். அவள் ஒன்றையும் படித்தவளில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் தூசு தட்டியவள், முப்பத்தொரு அட்டையும் அவளுக்கு மனப்பாடம்.

"கெணத்துலேர்ந்து ஒரு கை மட்டும் வெளிய வருமே, அத எடுங்க. தொடைக்கசொல்லவே எனக்கு ஒடம்பு சிலுத்துக்கும்," என்றாள்.

இப்படி அட்டை அட்டையாக அவள் அடையாளம் சொல்ல, கடைக்காரர்கள் தலையைச் சொறிய, மூன்று நாள் அலைந்து பாதிக்கு மேல் சேர்த்துவிட்டோம். மீதியைக் கடலூரிலும் பண்ருட்டியிலும் பழைய புத்தகக் கடைகளில் பிடித்தேன்.

நான் சுரங்கத்தில் பம்ப் பிரிவில் இருந்தேன். நிலத்தடித் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் கீழே நிலக்கரி வெட்ட முடியும். அதனால் எங்கள் பம்புகளுக்கு லீவு கிடையாது. ஒரு ஷிப்ட் முடிந்தால் என்ன ஓடுகிறது, எது நின்றது, என்ன செய்தோம் என்று நீள ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த ஷிப்ட் ஆள் "பார்த்துப் பெற்றுக்கொண்டேன்" என்று அதன் கீழ் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்தாறு வருஷம் இப்படி எழுதிய கைக்கு வேறு மாதிரி எழுத வராது. பஜாரில் அதே மாதிரி ஒரு ரிஜிஸ்டர் வாங்கி, நேரம், இடம், நிலை, எடுத்த நடவடிக்கை என்று கட்டம் போட்டு, படித்ததை அதில் எழுத ஆரம்பித்தேன். மகள் கேட்டால் ஆதாரம் காட்ட வேண்டாமா.

முதல் பேய்க்கதை எனக்குச் சிரிப்பு மூட்டியது. கதாநாயகன் தனியாகப் பாழடைந்த பங்களாவுக்குள் போகிறான். ஹெல்மெட் இல்லை, டார்ச் இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. "விதிமீறல். செத்தது அவன் தப்பு," என்று எழுதினேன். மாயக்கதையில் பதினான்கு ராஜாக்கள். யார் யாரோடு சேர்த்தி என்று தலை சுற்றியதால் அவர்களை ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று பிரித்துப் பட்டியல் போட்டேன். டிராகனுக்கு வாராந்திர லீவு கொடுத்ததும் போர் தெளிவாகப் புரிந்துவிட்டது. இன்னொரு புத்தகத்தில் வேற்றுக்கிரகத்து ராட்சச இயந்திரம் ஒன்று மலையையே கடித்துத் தின்கிறது, பார்த்தவர்களெல்லாம் மயங்கி விழுகிறார்கள். அதைவிடப் பெரிய மிஷினுக்குக் கீழே உட்கார்ந்து நாங்கள் தினமும் டிபன் பாக்ஸைத் திறக்கிறோம், ஒருவரும் மயங்கியதில்லை.

அதே புத்தகத்தில் பின்னால் ஓர் இடம். பூமியை விட்டுக் கிளப்பிக் கொண்டுபோன ஜனங்களுக்குப் புது கிரகத்தில் வரிசையாக வீடு, வீட்டுக்கு ஒரு நம்பர். ஒரு கிழவர் மட்டும் வாசலில் நின்று, பழைய ஊர் எந்தத் திசை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். கம்மாபுரம் பக்கம் எங்கள் நிலம் சுரங்கத்துக்குப் போன பிறகு என் அப்பா அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நிலத்துக்கு ஈடாகத்தான் எனக்கு பெர்மனென்ட் வேலை கிடைத்தது. அந்தப் பக்கத்துக்கு ரிஜிஸ்டரில் என்ன எழுதுவதென்று தெரியாமல் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

அதற்குப் பிறகு சிரிப்பது குறைந்துவிட்டது. ஒரு மத்தியானம் மனைவி குக்கரை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். நான் ஹாலில் உட்கார்ந்து அந்தக் கிணற்றுக் கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "3.10. குக்கர் விசில். படிப்பவர் நாற்காலியிலிருந்து எகிறினார். காயமில்லை," என்று அன்றைய பதிவு இருக்கும்.

பதினெட்டாவது புத்தகம் ஒரு பம்ப் ஹவுஸ் பேய். நம் தொழிலாயிற்றே என்று ஆசை ஆசையாக ஆரம்பித்தேன். டியூட்டியில் படிப்பது சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான், கேன்டீன் மேஜையில் இலையைத் தள்ளி வைத்துவிட்டு. அன்று முதல் ஷிப்ட். பாதிப் புத்தகம் வந்திருந்தேன். கடகடவென்று எழுதினேன்: "11.40. ஐந்தாம் பம்ப் பின்புறம் பெண் உருவம். கூப்பிட்டால் திரும்பவில்லை. கால் தரையில் படவில்லை. நடவடிக்கை எதுவும் எடுக்கப்படவில்லை. அடுத்த ஷிப்ட் கவனிக்கவும்." கடைசி வரியை நான் யோசித்து எழுதவில்லை. பாதியில் நிறுத்தினால் என் பேனா அதை எழுதித்தான் நிற்கும்.

இரண்டு மணிக்கு சேத்தியாத்தோப்பிலிருந்து வரும் என் கூட்டாளி வந்தார். அவர்தான் எப்போதும் என்னை மாற்றிவிடுபவர். பையிலிருந்து ரிஜிஸ்டரை எடுத்து நீட்டினேன். நான் எழுதுவதை அவர் பன்னிரண்டு வருஷமாகப் படித்ததில்லை. எல்லாம் நார்மல் என்றுதானே எழுதியிருக்கப் போகிறேன் என்று ஒரு நம்பிக்கை. அன்றும் படிக்காமல், "பார்த்துப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டார். அட்டை ஒரே மாதிரி இருந்ததில் நான் மேஜைமேலிருந்த நிஜ ரிஜிஸ்டரைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

நடந்ததை அவர் பிறகு சொன்னார். இரண்டேகாலுக்குக் கான்ட்ராக்ட் ஆட்கள் வந்து இன்றைக்கு எந்த பம்புக்கு கிரீஸ் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். இவர் ரிஜிஸ்டரைத் திறந்து சத்தமாகவே வாசித்துவிட்டார். பாதி வாசிக்கும்போதே குரல் இறங்கிவிட்டதாம். அப்புறம் ஐந்தாம் பம்ப் பக்கம் ஒருத்தரும் போகமாட்டேன் என்றுவிட்டார்கள். ஒருவர் எலுமிச்சம்பழம் கேட்டார். ஒருவர் மாதா படத்தைக் கொண்டுவந்து ஸ்விட்ச் போர்டில் மாட்டினார். எல்லார் கையிலும் தொடுதிரை போன் வந்துவிட்ட காலம் வேறு. யாரோ பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்ப, என் பஸ் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வருவதற்குள் என் பேய் டவுன்ஷிப்பில் பாதி வீட்டுக்குப் போய்விட்டது.

மனைவி வாசலிலேயே நின்றாள். "வூட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி கால காட்டுங்க, தரையில படுதான்னு பாக்கறேன்," என்றாள்.

மறுநாள் பாதுகாப்பு அதிகாரி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். சின்ன வயசு, சிரிக்காத முகம். ரிஜிஸ்டரையும் புத்தகத்தையும் மேஜைமேல் வைக்கச் சொன்னார். ஒரு பேய் முறைப்படி ஒப்படைக்கப்பட்டிருக்கிறது, முறைப்படி பெற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது, இப்போது அது யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று கேட்டார். கூட்டாளி என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். "படிக்காம கையெழுத்துப் போட்டது என் தப்புதாங்க. ஆனா பன்னெண்டு வருஷமா இவுரு ஒண்ணுமே எழுதுனதில்லீங்களே," என்றார் கூட்டாளி. இருவருக்கும் எழுத்தில் எச்சரிக்கை. ரிஜிஸ்டர், புத்தகம் இரண்டும் விசாரணை முடியும்வரை அவரிடமே இருக்கும் என்றார். நான்கு நாள் கழித்துப் புத்தகத்தைக் கேட்கப் போனேன். விசாரணை இன்னும் முடியவில்லை என்றார். மேஜைமேலிருந்த புத்தகத்தில் முக்கால்வாசி தாண்டி ஒரு ஸ்கேல் அடையாளத்துக்கு வைக்கப்பட்டிருந்தது.

எனக்கு மானம் போன வருத்தத்தைவிடக் கதை பாதியில் நின்ற வருத்தம்தான் பெரிதாக இருந்தது. அப்படியொரு வருத்தம் எனக்கு வருமென்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. என் போன். மகள் எனக்கு நேராகப் போன் செய்வதில்லை என்பதால் அவள் பெயரைப் பார்த்ததும் என்னவோ ஏதோவென்று பயந்துவிட்டேன். எடுத்தால் பேச்சே வரவில்லை, சிரிப்பு மட்டும் வருகிறது. அந்த ரிஜிஸ்டர் பக்கத்தின் போட்டோவை அம்மா அனுப்பியிருக்கிறாள். ஹாஸ்டலில் அறை அறையாகக் காட்டியிருக்கிறாள். பேய்க்கு டோக்கன் நம்பர் போட்டீர்களா, ஓவர்டைம் உண்டா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எனக்கு வாய் நிறைய வசவு இருந்தது, ஒன்றும் வெளியே வரவில்லை.

"அன்னிக்கு நான் பண்ணது தப்பும்மா. படிக்காமயே தூக்கிப் போட்டுட்டேன்," என்றேன்.

சிரிப்பு நின்றது.

"நான் அதுக்கப்புறம் கதைப் புக்கே படிக்கலப்பா," என்றாள். "கடையில கையில எடுப்பேன். என்னமோ மாதிரி இருக்கும். வெச்சிட்டு வந்துடுவேன்."

முப்பத்தொரு புத்தகத்தைத்தான் தூக்கிப் போட்டேன் என்று நினைத்திருந்தேன். போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன். அவளே பேச்சை மாற்றினாள். அந்தப் பம்ப் ஹவுஸ் கதையில் கடைசியில் என்ன ஆகும், எனக்கு மறந்துபோச்சு, சொல்லுங்களேன் என்றாள்.

புத்தகம் அதிகாரி மேஜையில் இருக்கிறது. பாதிக்கு மேல் நான் படிக்கவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடுமோ என்று பயம். அதனால் வாழ்க்கையில் முதல் தடவையாக இல்லாத ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தேன். கதாநாயகன் தனியாகப் போகாமல் துணைக்கு இரண்டு ஆளைக் கூட்டிக்கொண்டு போகிறான் என்றேன். முதலில் கரண்டை ஆஃப் பண்ணிப் பூட்டுப் போடுகிறான். பேயிடம் மரியாதையாக, என்ன வேண்டும் என்று கேட்கிறான். அது அழுகிறது. அதன் அப்பா அந்த பம்பில்தான் வேலை பார்த்துச் செத்துப்போனவர், வாரிசு வேலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு இத்தனை வருஷமாகப் பதிலுக்குக் காத்துக்கொண்டிருக்கிறது. அவன் மனுவை எடுத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, கடைசியில் ஆர்டர் வாங்கிக் கொடுத்துவிடுகிறான்.

சொல்லி முடித்தேன். சமையலறை வாசலில் என் மனைவி கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"புக்குல இப்படி இல்லப்பா," என்றாள் மகள்.

"மறந்துபோச்சின்னியே."

"மறக்கல."

மாட்டிக்கொண்டேன். அந்தப் பக்கம் அவள் எங்கேயோ உட்காருகிற சத்தம் கேட்டது, வசதியாகச் சாய்ந்துகொள்கிற சத்தம்.

"சரி, வேலை கெடைச்சிடுச்சு. அதுக்குக் குவார்ட்டர்ஸ் குடுத்தாங்களா இல்லையா, அதைச் சொல்லுங்க."

எந்த பிளாக்கில் வீடு காலியிருக்கும் என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு, கொடுத்தார்கள், ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை என்று ஆரம்பித்தேன்.