மாடு மிதித்த பாத்தி

மாடு புகாத வயலில் மாடு புகுந்ததாக எழுதினேன். அதனால் ஒருவர் வேலை இழந்தார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகள் அவை. ஆராய்ச்சிப் பண்ணை ஒன்றில் புகையிலைக் கலப்பினங்களை ஒப்பிட்டுத் தேர்வு செய்வது என் வேலை. ஒவ்வொன்றையும் மூன்று தொகுதிகளில், தொகுதிக்கு ஒரு பாத்தியாக நட்டு, இலையின் நீளம், அகலம், எண்ணிக்கை, உலர்ந்த எடை எல்லாம் குறிப்போம். தெரியும் வேறுபாடு உண்மையா, தற்செயலா என்பதைப் புள்ளியியல் சொல்லும். அவற்றில் ஒன்று நானே பல வருடம் பாடுபட்டு உருவாக்கியது. இரண்டு தொகுதிகளில் அது எல்லாவற்றையும் மிஞ்சியது. மூன்றாவது தொகுதி பள்ளத்தில் இருந்தது. மழைத் தண்ணீர் நின்றதில் என் செடிகள் மட்டும் சரிந்தன. அந்தப் பாத்தி கணக்கில் சேர்ந்தால் என் கலப்பினம் தேறாது.

மழையில் சரிந்தால் அது செடியின் குறை, கணக்கில் சேரும்; மாடு போன்ற வெளிக்காரணத்தால் சேதமான பாத்தியை மட்டும் விடுபட்டதாகக் காட்டலாம். அப்படிக் காட்டினால், மற்றவற்றைக் கொண்டு அதன் எடையை மதிப்பிட ஒரு சூத்திரம் உண்டு. ஒரு மதியம், காவல்காரர் சாப்பிடப் போயிருந்தபோது, அந்தச் செடிகளை நானே ஒடித்துப் போட்டேன். புகையிலையை மாடு தின்னாது. ஆகவே, 'மாடு புகுந்து மிதித்தது' என்று பதிவேட்டில் எழுதினேன். என் கலப்பினம் முதலிடம் வந்தது. விரைவில் பணி நிரந்தரம் ஆகவிருந்த காவல்காரரை நிறுத்திவிட்டார்கள்.

ஓய்வுபெற்ற பிறகு, நெல்லித்தோப்பிலிருந்து பஸ் ஏறி அரியாங்குப்பத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப நான் தூங்கலயா சார்? சாப்ட்டு வந்து செத்த கண்ணசந்துட்டேன் போல, அதுலதான் மாடு பூந்துடுச்சுன்னு நானே நெனச்சினு இருந்தேன்."

அவர் மனைவி உள்ளேயிருந்து வந்தார். "இத்தினி வருசமா இந்த மனுசன தூங்குமூஞ்சின்னுதான் கூப்ட்டுனு இருக்கேன். படிச்சவரு எழுதனா வராத மாடுகூட வந்துடுது பாரு!"

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் எழுதினேன். அவருக்கு வேலை தரும்படியும் கேட்டேன். கலப்பினம் ஏற்கெனவே கைவிடப்பட்டது, அவருக்கு வயது கடந்துவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"நீங்க ஆபீசுக்கு எழுதனீங்களே, அத தமிழ்ல எழுதிக் குடுங்க. புள்ளைங்க படிக்கட்டும்."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். படிக்கச் சொல்லிக் கேட்ட மனைவி, "தூங்கலன்னு தனியா ஒரு வரி போடுங்க" என்றார். போட்டுக் கையெழுத்திட்டேன். காவல்காரர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். போகும்போது வாசல்வரை வந்தார். இனி வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.