இருபத்திரண்டு வயதுக் குரல்

ராஜ்மோகனை எனக்கு என்றைக்குமே பிடிக்காது. கேட்காமல் எடுத்துக்கொண்டு, பிறகு சிரித்தபடி தகவல் சொல்கிற ரகம்.

காரைக்காலில் பிரெஞ்சு ஆசிரியை ஒருவரிடம் ஆப்பரா பாட்டு கற்றவள் என் அக்கா தேவிகா. இருபத்திரண்டு வயதில் இவனுடைய ராக் குழுவோடு ஓர் ஆல்பம் பாடினாள். கிடார் அலறும், அதற்கும் மேலே அக்காவின் குரல் ஏறி நிற்கும். ஊரில் பாதிப் பேருக்கு அது தலைவலி. மீதிப் பேர் இன்றும் கேட்கிறார்கள். பிறகு அவன் சென்னைக்குப் போனான். அக்கா பக்கத்துப் பூவம் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டு, காரைக்காலில் ஒரு வங்கியில் வேலைக்குச் சேர்ந்தாள்.

போன வருஷம் போன் செய்தான். முழு ஆர்கெஸ்ட்ராவோடு அதே ஆல்பத்தைப் புதிதாக ஒலிப்பதிவு செய்கிறானாம். அன்றிலிருந்து அக்கா தயிரைத் தொடவில்லை. தினமும் விடியற்காலையில் வயல் மோட்டார் கொட்டகைக்குப் போய்ச் சாதகம் செய்தாள். உச்சியில் குரல் கொஞ்சம் தடுமாறியது, உண்மைதான். ஆனால் கீழே இறங்கும்போது முன்பு இல்லாத ஒரு கனம் வந்திருந்தது. கேட்டு நான் அழுதுவிட்டேன்.

பொங்கல் முடிந்து ராஜ்மோகன் அக்கா வீட்டுக்கே வந்தான். காபி குடித்துவிட்டு போனில் பாட்டைப் போட்டான். வயலின்களும் டிரம்பெட்டுகளும் சேர்ந்து எழும்ப, மேலே பாடியது அக்காதான். பழைய அக்கா.

"பழைய ரெக்கார்டுலேருந்து உங்க குரலை மட்டும் கம்ப்யூட்டர்ல பிரிச்சு எடுத்துட்டோம். நீங்க வந்து சிரமப்பட வேணாம்."

"உங்க கிடாரையும் பழசுலேருந்துதான் எடுத்தீங்களா?" என்றாள் அக்கா.

"இல்ல, அதைப் புதுசா வாசிச்சேன். இப்பதான் கை நல்லா பக்குவப்பட்டிருக்கு."

"உங்க கைக்குப் பக்குவம். என் தொண்டைக்கு மட்டும் வயசா?"

"ஜனங்க அந்தக் குரலைத்தான் கேக்குறாங்க, தேவிகா."

"ஒரு தடவ பாடுறேன். கேட்டுட்டுச் சொல்லுங்க."

அவன் கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"அப்ப என் குரலை எடுத்துடுங்க. வேற யாரையாவது பாட வச்சுக்குங்க."

"ஆல்பம் என் பேர்ல இருக்குங்க" என்று சிரித்தான். டம்ளரை அந்தச் சிரிப்பின் மேலேயே எறியலாம் போல் வந்தது எனக்கு. அக்கா எழுந்து வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

ஆல்பம் வெளிவந்த வாரம் நான் வங்கிக்குப் போயிருந்தேன். துணிக்கடை நூகு பாய் அக்காவின் கவுண்டருக்கு முன்னால் நின்றிருந்தார்.

"கேட்டேம்மா. இந்த வயசுலயும் குரல் அப்படியே இருக்கு, மாஷா அல்லாஹ்."

"அது நான் பாடுனது இல்லங்க."

"பாருங்க, எவ்வளவு அடக்கம்" என்று அவர் பின்னால் திரும்பிச் சொன்னார். வரிசையில் நின்ற எல்லோரும் கைதட்டினார்கள்.