மற்றவை மாறாதிருக்கையில்

சேலம் செவ்வாய்ப்பேட்டை பாக்கியநாதன் வீட்டில் முனைவர் பட்டத்தின் வாசல்வரை போன முதல் ஆள் இளைய மகள் மெர்லின். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில்தான் படித்தாள். 'மற்றவை மாறாதிருக்கையில், விலை ஏறினால் தேவை குறையும்' என்ற பொருளியல் பாட வரியை அவள் ஒரு நாள் உரக்கப் படித்தபோது, நைட்டி தைத்துக்கொண்டிருந்த அக்கா இசபெல்லா மிஷினை நிறுத்தினாள்.

"எந்த ஊர்லடி மாறாம இருக்கு?"

மெர்லினுக்குக் கோபம் வந்தது. ஒன்றைப் புரிந்துகொள்ள மற்றதையெல்லாம் சற்று நேரம் அசையாமல் நிறுத்திவைக்கிறார்கள் என்பது அந்த வயதிலேயே அவளுக்கு அழகாகத் தோன்றியிருந்தது. அந்த அழகுக்காகவே கல்லூரியிலும் பொருளியல் எடுத்தாள்.

பிறகு திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்தாள். பாடம் நடத்திக்கொண்டே ஆராய்ச்சிக்கும் பதிந்தாள். போர் எனப்படும் ஆழ்துளைக் கிணறு போடும் விவசாயி எத்தனையாவது அடியில் நிறுத்துகிறார் என்பது தலைப்பு. இன்னும் ஓர் அடி இறக்க ஆகும் செலவையும், அதனால் கிடைக்கக்கூடிய தண்ணீரையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். செலவு மிஞ்சும் இடத்தில் நிறுத்துவார். அவளுடைய மாடல் சொன்னது இவ்வளவுதான். மாணவர்களை வைத்துப் புதுச்சத்திரம் சுற்றுவட்டாரத்தில் கேள்வி கேட்டு வாங்கிய பதில்களில் பெரும்பாலானவை மாடலோடு ஒத்துப்போயின.

ஒத்துப்போகாதவர்களும் இருந்தார்கள். மாடல் சொன்ன அடியைத் தாண்டி, முந்நூறு நானூறு அடி கூடுதலாகப் போனவர்கள். 'ஏன்?' என்ற கேள்விக்குக் கொடுத்திருந்த விடைகளில் கடைசியாக இருந்த 'மற்றவை'யைத்தான் அவர்களில் அநேகமாக எல்லோரும் சொல்லியிருந்தார்கள்.

"அவங்களைக் கணக்குலருந்து எடுத்துடும்மா" என்றார் வழிகாட்டிப் பேராசிரியர் தீனதயாளன். "காரணம் சொல்லாதவங்களை வச்சுக்கிட்டு என்ன செய்வே?"

ஜூன் மாதம் கல்லூரியில் நிரந்தரப் பணிக்கு நேர்காணல். அதற்குள் ஆய்வேட்டை ஒப்படைத்திருக்க வேண்டும். எடுத்துவிடலாம் என்றுதான் மெர்லினும் நினைத்தாள். ஆனால் எடுப்பதற்கு முன்னால் ஓரிருவரையாவது நேரில் கேட்டுவிட்டால் அடிக்குறிப்பில் காரணம் எழுதலாமே என்று ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினாள்.

கூடுதல் ஆழம் போனவர்களில் ஒருவரான வள்ளியாத்தாள் தோட்டத்தில் தேங்காய் எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் சிரித்தார்.

"எம்பட போரு எத்தனை அடிங்கறது எங்கையிலயா இருக்குது, சாமி? மேக்காலத் தோட்டத்துக்காரரு ஆயிரத்துக்குப் போனாரு, எனக்குத் தண்ணி நின்னு போச்சு. நானும் போனேன். அவரு நின்னிருந்தா நானும் நின்னிருப்பேன்."

"அதை அன்னிக்கே அந்தப் பையன்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா?"

"அவன் நாலு பதில் படிச்சான். அதுல பக்கத்துத் தோட்டமே வல்லியே!" குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "நான் போனதுல கிழக்கால செங்கோடன் போரு வத்திப் போச்சு. அதுலருந்து அந்த மனுசன் எங்கிட்டப் பேசறதில்லை."

செங்கோடன் என்ற பெயர் மெர்லினுக்கு நன்றாக நினைவிருந்தது. மாடல் சொன்ன அடியிலேயே கச்சிதமாக நிறுத்தியவர் அவர்தான். கருத்தரங்குகளில் வரைபடத்தில் அவருடைய புள்ளியைத்தான் வட்டம் போட்டுக் காட்டியிருந்தாள். வரப்பைத் தாண்டி அவரிடம் போனாள்.

"கணக்குப் போட்டா நிறுத்தினேன்?" செங்கோடன் தலையிலிருந்த துண்டை அவிழ்த்து உதறினார். "பாறையைத் துளைக்கிற பிட்டு உள்ளே மாட்டிக்கிச்சுங்க. ஒரு நாள் பூராவும் இழுத்துப் பாத்தானுங்க, வல்லை. ரிக் வண்டியக் கட்டிக்கிட்டுப் போயிட்டானுங்க."

"அதுக்கு மேல போனா செலவுக்குத் தக்க தண்ணி வராதுன்னு சொல்லியிருக்கீங்களே!"

"கேள்வி கேக்க வந்த புள்ள அப்படிப் படிச்சுது. வெயில்ல நிக்குதேன்னு ஆமாம்னுட்டேன்."

மெர்லின் சிரித்துவிட்டாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு சிரிப்பு வரவில்லை. கணிப்பு பலித்திருந்தது. ஆனால் அவள் சொன்ன காரணத்தால் பலிக்கவில்லை. பலித்த மற்றவர்களிடமும் காரணம் என்னவென்று யார் போய்ப் பார்த்தார்கள்?

தீனதயாளன் பொறுமையாகக் கேட்டார். "எக்ஸ்ரேயில முகம் தெரியுதா? அதனால எலும்பு முறிஞ்சிருக்குங்கிறது பொய்யாயிடுமா? வேண்டாததை விட்டாத்தாம்மா வேண்டியது தெரியும். பிட்டு மாட்டினதெல்லாம் சராசரியில அடிபட்டுப் போயிடும்."

"பிட்டு அடிபட்டுப் போகும் சார். பக்கத்துக் கிணறு அடிபடாது. ஒருத்தர் இறங்கினா அடுத்தவர் இறங்கறார். நான் ஒவ்வொருத்தரையும் தனித்தனியா நிறுத்திவச்சுக் கணக்குப் போட்டிருக்கேன். நோவே தோல்ல இருந்தா எக்ஸ்ரே எடுத்து என்ன சார் பண்றது?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"சொன்னா மட்டும் போதாது, அளந்து காட்டணும். எந்தக் கிணறு எவ்வளவு தள்ளி இருக்கு, எது முதல்ல போட்டது, எல்லாமே வேணும். கொண்டுவந்தா நான் கையெழுத்துப் போடறேன். ஆனா இந்த ஜூனுக்கு முடியாது. இப்ப இருக்கறதுக்கும் கையெழுத்துப் போடறேன். நீயே சொல்லு."

வீட்டில் இசபெல்லா துணியை மடித்து வைத்துவிட்டுத் தங்கையின் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "முதல்ல வேலையை வாங்கிட்டு, அப்புறமா சரியானதை எழுதினா ஆகாதாடி?"

"அப்புறம் யாரு அக்கா எழுதறா? அடுத்த வருஷம் நானே அதை வகுப்புல நடத்திக்கிட்டு இருப்பேன்."

இசபெல்லா அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. தெருவில் யாராவது, "இன்னுமா உன் தங்கச்சி படிப்பு முடியலை?" என்று கேட்டால், "அவ அளந்துக்கிட்டு இருக்கா, அவசரப்பட மாட்டா" என்று பதில் சொல்லத் தொடங்கினாள்.

நேர்காணல் நடந்த புதன்கிழமை காலை, மெர்லின் புதுச்சத்திரத்தில் வரப்பு நடுவில் நின்றிருந்தாள். டேப்பின் ஒரு முனை வள்ளியாத்தாள் கையிலும் மறுமுனை செங்கோடன் கையிலும் இருந்தன. பிடிப்பதற்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. இருவரும் அவளிடம் மட்டும்தான் பேசினார்கள்.

"சாமி, அந்த மனுசனை இறுக்கிப் புடிக்கச் சொல்லு."

"இறுக்கித்தானுங்க புடிச்சிருக்கறேன். அந்தம்மாவை இழுக்க வேண்டாம்னு சொல்லுங்க. தண்ணிய இழுத்தது பத்தாதுன்னு டேப்பையும் இழுக்கறாங்க."

வள்ளியாத்தாள் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார். இந்தத் தடவை அவர் மெர்லினைப் பார்க்கவில்லை.

"ஏய்யா, பிட்டை முழுங்கின போருக்கு நான் எங்கிருந்துய்யா தண்ணிய இழுக்கறது?"

செங்கோடன் பதில் சொல்ல வரப்போரம்வரை நடந்தே வந்துவிட்டார். டேப் தொய்ந்து மண்ணில் கிடந்தது. இருவரும் முடிக்கட்டும் என்று மெர்லின் காத்திருந்தாள்.